பேட்டரியா? ஆல்டர்னேட்டரா?

குளத்தூர் அருகே பொழியூர் கடற்கரை. மீன் ஏற்றிய வண்டி கிளம்பவில்லை. தாமதித்தால் மீன் கெடும். புது பேட்டரி வாங்கலாமா? பொறுங்கள். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். அதைச் சுழற்றுவது பெல்ட்.

1. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா? பாருங்கள்.

2. பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும்.

3. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி அளவு பாருங்கள். துண்டு பெல்ட்டில் சிக்காமல் கவனம்!

13.8 முதல் 14.5 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. பேட்டரியைச் சோதியுங்கள். ஏறாவிட்டால் பெல்ட், ஒயர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது.

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும்.

முதலில் அளவு பாருங்கள். பிறகு பணம் செலவிடுங்கள்.