தேவ மாநகரில் ஒரு நாள்

சயாம் என்று நம் முன்னோர் வழங்கிய நாடு 1939ஆம் ஆண்டில் தாய்லாந்து எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அதன் தலைநகரை உலகத்தார் பாங்காக் என்பர். அந்நகர மக்களோ 'குருங் தேப்' என்பர். தேவர் நகரம் என்பது அதன் பொருள். முதலாம் இராமன் என்னும் பட்டம் பெற்ற மன்னன் 1782ஆம் ஆண்டில் சாவோ பிரயா ஆற்றின் கீழ்க்கரையில் அதனைத் தலைநகராக்கினான்.

அந்நகருக்கு ஆறும் ஓர் அரச வீதியே. காலையில் படகுத் துறைக்குச் சென்றேன். பள்ளிச் சிறுவரும், அலுவலகம் செல்வோரும், துவராடை உடுத்த துறவியரும் ஒரே படகில் நெருங்கி நின்றனர். கரையை அணைந்த படகு சில நொடிகளே நிற்கும். படகோட்டியின் துணைவன் சீழ்க்கையடிக்குமுன் ஏறிவிடல் வேண்டும். தயங்குவோர்க்கு அடுத்த படகுதான். நான் தயங்கினேன்.

மேற்கரையில் அருணன் கோயிலின் கோபுரம் வானளாவி நிற்கின்றது. தொலைவில் அது சிற்பி செதுக்கிய மணிக்கோபுரம் போலத் தோன்றும். அருகில் சென்று காண்போர் வியப்படைவர். அதனை அழகு செய்பவை சீனத்துப் பீங்கான் கலங்களின் உடைந்த சில்லுகளே! எதிர்க்கரையில், 46 மீட்டர் நீளமுள்ள பொன்வண்ணப் புத்தர் பெருமான் பள்ளிகொண்டுள்ளார். அவர்தம் உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்கள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டுள்ளன. அரண்மனைக் கோயிலில் இருக்கும் பச்சைக்கல் புத்தருக்கோ பருவந்தோறும் ஆடை மாற்றுவர். மன்னரே அதனைச் செய்வது மரபு. அக்கோயிலின் சுற்றுச்சுவர்களில் இராமகாதை முழுவதும் ஓவியமாக விரிகின்றது. ஆனால், நம் அனுமன் பிரமசாரி. அவர்கள் அனுமனுக்கோ காதலியரும் மகனும் உண்டு! கதை கடல் கடந்தால் இத்தகைய மாற்றங்கள் நேர்வது இயல்பே.

இவற்றினும் என் நெஞ்சைக் கவர்ந்தது வேறொன்று. நகரின் நடுவே, செந்நிறத் தேக்குத் தூண்களால் ஆகிய மாபெரும் ஊசல் ஒன்று நிற்கின்றது. 'திரியம்பாவாய்' என்னும் விழாவில் வீரர் சிலர் அதில் ஏறி உயர ஆடுவர். எதிரே மூங்கிலின் உச்சியில் தொங்கும் பணப்பையைப் பல்லால் கவ்வுவர். விழாவின் பெயர் நம் திருவெம்பாவையின் திரிபேயாகும்! 1935ஆம் ஆண்டில் ஊசலாட்டம் நிறுத்தப்பட்டது. எனினும், அருகிலுள்ள இந்துக் கோயிலில் அந்தணர் நடத்தும் வழிபாடு நின்றிலது. அதில் அவர்கள் ஓதும் பாடல்களில் தமிழ்ச் சொற்கள் உருமாறி ஒலிக்கின்றன. பொருள் மறந்தும் ஓசையை விடாது காத்த அவர்தம் பற்றினை என்னென்பது!

பொழுது சாய்ந்ததும் சீனர் வாழும் யாவோராட் வீதிக்குச் சென்றேன். நடைபாதையெங்கும் தள்ளுவண்டிகள், வண்டிதோறும் அடுப்பு, அடுப்பில் வாய்அகன்ற இரும்புச் சட்டி. முதியவள் ஒருத்தி அரிசி நூலப்பத்தைப் புளிக்கரைசலும் பனைவெல்லமும் சேர்த்து வதக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வண்டியில் புளிப்பும் காரமும் மிக்க 'தோம் யாம்' என்னும் சாறு கொதித்தது. அதில் மிதந்த கிழங்குத் துண்டுகளை எங்கோ கண்டதுபோல் இருந்தது. முகர்ந்தேன், நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பேரரத்தை! நாம் இருமலுக்குத் தேடுவதை அவர்கள் இன்சுவைக்காக நாள்தோறும் உண்கின்றனர். மேசைதோறும் சருக்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய காடி, மீன்சாறு என நான்கு கிண்ணங்கள் இருந்தன. சமைப்பவர் சுவையைத் தொடங்கி வைப்பார், உண்பவர் முடித்துக்கொள்வார்.

புலால் உண்ணாதவர் அங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். "இறைச்சி வேண்டா" என்று சொன்னால் இறைச்சி வாராது. மீனை உப்பிலிட்டு இறக்கிய சாறு வந்துவிடும்! என்னுடன் வந்த நண்பர் இதனை உண்ட பின்னரே அறிந்தார். மஞ்சட் கொடியில் செந்நிற எழுத்துப் பொறித்த கடைகளில் மரக்கறி உணவு கிடைக்கும் என்பதை எமக்கு ஒருவர் பின்னர்க் கூறினார். அன்றிரவு தேங்காய்ப்பாலில் இனிப்பூட்டிய பசையரிசிச் சோறும் மாம்பழமுமே நண்பரின் பசியைத் தீர்த்தன.

இத்தெரு அடுப்புகளுக்கும் இடர் வந்ததுண்டு. 2014ஆம் ஆண்டிற்குப் பின் நகராட்சியார் நடைபாதைகளைச் சீர்செய்யக் கருதிப் பல தெருக்களில் வண்டிகளை அகற்றினர். நடப்பவர்க்கு வழி வேண்டும் என்பது முறையே. நானும் அவ்வீதியில் நடக்க இடமின்றி இடர்ப்பட்டவனே. ஆயினும், குறைந்த வருவாயுடைய தொழிலாளர் அத்தெருவோரச் சோற்றை நம்பியே வேலைக்குச் செல்கின்றனர். சமைப்பவளுக்கோ அவ்வண்டியே நிலமும் ஏரும். யாவோராட் வீதியிலோ கடைகள் தொடர இசைவளித்தனர்; அயல்நாட்டார் விரும்பி வரும் வீதியன்றோ அது!

நாங்கள் எழுந்தபொழுது மணி பத்தைக் கடந்திருந்தது. கிழவி அடுப்பைத் தணிக்கவில்லை. தட்டேந்தி இன்னும் எழுவர் காத்து நின்றனர்.