பில் தாமதமானால் கணனியை மாற்றத்தான் வேண்டுமா?

"கணனி ஸ்லோவாகிவிட்டது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்" என்று சொல்லாத கடைக்காரரைக் காண்பது அரிது. பில் போட அரை நிமிடம் சென்றால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சனம் நெருக்கும் பெருநாள் காலத்தில் சாமானை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கே போய்விடுவார். ஆகவே நமது அவசரம் நியாயமானதே. ஆனால் காசை எதில் போடுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

நான் கணனி படித்தவனல்லன். கொள்முதலும் விற்பனையும் செய்பவன். பில் புரோகிராமை விளங்கிக்கொள்ள அந்த அனுபவமே பெரிதும் உதவுகிறது. கடையில் வேலை சுணங்கினால் எல்லா ஊழியரையும் மாற்றிவிட மாட்டோம். சுணக்கம் ஸ்டோரிலா, கெஷியரிடமா, பார்சல் கட்டும் இடத்திலா என்றுதான் முதலில் பார்ப்போம்.

ஒரு பில்லுக்கு 20 செக்கன் செல்கிறது என்று வையுங்கள். சாமானைத் தேடிக் கையிருப்பைக் காட்ட 15 செக்கன், கூட்டிக் கழிக்க 1 செக்கன், அச்சிட 4 செக்கன். இரு மடங்கு வேகமான பிரின்டர் வாங்கினால் மிஞ்சுவது 2 செக்கன் மட்டுமே. தேடும் நேரத்தைப் பாதியாக்கினால் ஏழரை செக்கன் மிஞ்சும். ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்தத்தில் அது எடுத்த பங்குக்கு மேல் இலாபம் வராது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் சாரமும் இதுதான்.

சரி, வாங்கிய புதிதில் பறந்த புரோகிராம் இப்போது ஏன் ஊர்கிறது? நாளொன்றுக்கு 1,500 வரிகள் பதிந்தால் நான்கு வருடத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் வரிகள் சேர்ந்துவிடும். கையிருப்பைக் காட்ட ஒவ்வொரு முறையும் அத்தனையையும் முதலிலிருந்து வாசிக்கும் புரோகிராம்கள் உண்டு. பழைய பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் அட்டவணை இருந்தது நினைவிருக்கும். அது இல்லாத பேரேட்டில் ஒருவரின் கணக்கைத் தேடுவது போன்றதுதான் இதுவும். வரிசைப்படுத்திய பட்டியல் என்றால் நடுவில் திறந்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவில் திறக்கலாம். இப்படிப் போனால் 20 இலட்சத்திலும் 21 தடவைக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். கணனிக்காரர்கள் இந்த அட்டவணையை இன்டெக்ஸ் என்பார்கள். சாமான் இலக்கத்துக்கு இன்டெக்ஸ் போட்டிருக்கிறதா என்று புரோகிராம் தந்தவரிடம் கேளுங்கள். கேட்டவுடன் புதிய கணனியின் விலையைச் சொல்பவராக இருந்தால் சற்று யோசியுங்கள்.

பெரிய கம்பனிகளும் இதில் தப்பவில்லை. நம் பிள்ளைகள் விளையாடும் ஜி.டீ.ஏ. ஒன்லைன், சில கணனிகளில் திறப்பதற்கே ஆறு நிமிடம் எடுத்தது. 2021இல் வெளியாள் ஒருவர் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தார். விளையாட்டுக்குள் விற்கும் சுமார் 63,000 பொருட்களின் பட்டியலே காரணம். ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும்போது, முன்பு சேர்த்த அனைத்தோடும் அதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது புரோகிராம். கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடுகள்! அதையும், பட்டியலை வாசிக்கும் விதத்தில் இருந்த இன்னொரு கோளாறையும் திருத்தியதும் ஆறு நிமிடம் இரண்டுக்கும் கீழே இறங்கியது. கம்பனி அதை ஏற்று அவருக்கு 10,000 டொலர் கொடுத்தது. கணனி அதே கணனிதான்.

சாதனத்தை மாற்றுவது சரியாக இருக்கும் இடமும் உண்டு. விண்டோஸ் கணனியில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். பில் போடும் நேரத்தில் அங்கே டிஸ்க் 100 வீதத்திலேயே நின்றால், சுழலும் பழைய ஹாட் டிஸ்க் ஈடுகொடுக்க முடியாமல் இருக்கலாம். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால், முழுக் கணனி வாங்கும் செலவில் சிறு பங்கோடு வேலை முடியக்கூடும். வைரஸ் காவலன் புரோகிராம் நண்பகல் வியாபாரத்தின்போது முழு டிஸ்க்கையும் சோதித்துக்கொண்டிருப்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அதைக் கடை பூட்டும் நேரத்துக்கு மாற்றக் காசே தேவையில்லை.

எதைச் செய்வதானாலும் முதலில் கைத்தொலைபேசி ஸ்டொப்வொச்சை வைத்துப் பத்து பில்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஐந்து, நெரிசலில் ஐந்து. பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் அளவுங்கள். இரண்டு மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. வேகம் கூடும் என்று சிலர் பழைய வருட பில்களை அழிக்கச் சொல்வார்கள். பிரதி எடுக்காமலும், உங்கள் கணக்காளரைக் கேட்காமலும் அதில் கைவைக்க வேண்டாம்.