வாவியும் சருகும்

மட்டக்களப்பார் என்றறிந்ததும் வெளியூரன்பர் முதலிற் கேட்பது, "மீன் பாடக் கேட்டீரோ?" என்பதாம். அம்மீன் எதை உண்டு வாழ்கின்றதென வினவியவரை யான் கண்டிலேன். விடையின் ஒரு பகுதி கரையிலுள்ள கண்டற்காட்டின் சருகிலே கிடக்கின்றது.

ஐரோப்பாவின் பீச்சு மரக்காட்டிலே இலைகள் ஆண்டுக்கொருமுறை ஒருங்கே உதிர்வன. மண்புழுவும் பங்கசும் அவற்றைச் சிதைத்துச் சத்தை மரத்தின் வேருக்கே மீட்டளிக்கும். பவேரிய உழவர் காட்டுச் சருகை வாரித் தொழுவத்திற் பரப்பிவந்தனர். அதனாற் காடு வறுமையுறுதலை எபர்மேயர் என்பார் 1876இல் நூலாக எழுதினார்.

நம் கண்டலோ ஆண்டு முழுவதும் இலையுதிர்ப்பது. சிதம்பரத்துக்குப் பெயர்தந்த தில்லையும் இக்கூட்டத்ததே. கண்டல் சிக்கனமுடையது, பழுத்த இலையை விடுமுன் அதன் நைதரசனிற் பெரும்பகுதியை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆதலின் வீழ்ந்த இலை தனின் மிகுந்த, புரதங் குறைந்த சக்கையே. சேற்றுநண்டுகள் சிலவற்றை வளைக்குள் இழுத்துச்சென்று தின்னும். எஞ்சியவை நீரில் ஊறும். தனின் கரைந்து நீங்கவே, பங்கசும் பற்றீரியாவும் இலையிற் குடியேறி, நீரிலுள்ள நைதரசனையும் ஏற்று வளரும். அழுகுந்தோறும் இலைத்துணுக்கிலே புரதம் கூடுகின்றது! "அழுகியது எப்படி ஐயா நல்லுணவாகும்?" என்றான் ஒரு மாணவன். தோசைமா புளித்தலை நினைக்கச் சொன்னேன். ஒப்புமை முற்றும் பொருந்தாது. நுண்ணுயிரின் தொழிலை உணர்த்தப் போதும்.

அத்துணுக்கை இறாற்குஞ்சும் மணலையும் உண்ணும். அவற்றைப் பெருமீன் உண்ணும். புளோரிடாவிலே ஹீல்ட், ஓடம் என்னும் இருவர் 1960களின் பிற்பகுதியில் இத்தொடரை ஆராய்ந்து காட்டினர். பாசியின் பங்கும் பெரிதென்பதைப் பின்வந்தோர் கண்டனர். சருகே முழுவுணவு என்றல் மிகை.

நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வறட்சியிலே முகத்துவாரம் மணலால் அடைபடும்; அப்போது சருகின் சத்து உள்ளேயே சுழலும். மாரியிலே வாய் திறக்க, ஒரு பங்கு கடலுக்குப் போகும்.

போர்க்காலத்திற் பாதுகாப்பின் பொருட்டும், இறால் வளர்க்கும் குளங்களின் பொருட்டும் கண்டல்கள் அழிக்கப்பட்டன. இறாலை வளர்க்க இறாலின் உணவையே வெட்டினோம்! 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையெங்கும் நாற்று நடுகை பெருகிற்று. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரை, 9 இடங்களில் ஒரு நாற்றேனும் பிழைத்திலது என்கின்றது. பொருந்தாவிடத்தில் நட்டதும், நட்டபின் பேணாமையும் காரணங்களாம்.

வாவிக்கரையிலே சிரமதானஞ் செய்யும்போது கண்டலின் கீழுள்ள பழுப்பிலையையும் கூட்டி எரித்துவிடுகின்றோம். அடுத்த முறை பொலித்தீனையும் போத்தலையும் மட்டும் பொறுக்குமாறு மாணவரை வேண்டுகின்றேன். சருகு கிடந்தபடி கிடக்கட்டும்.