அடைக்கோழியும் வீட்டுச் செள்ளும்

திருவள்ளூர் ஜில்லா பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்த காட்டுப்பள்ளி, கிழக்கே வங்காள விரிகுடாவும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழியுமாக அமைந்த மணற்பாங்கான இடம். துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், 2010-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அங்கே ஏற்பட்டுவிட்டன. ஆயினும் அப்பக்கத்துக் குடும்பங்களில் நாலைந்து நாட்டுக்கோழி வைத்துக்கொள்ளும் வழக்கம் அற்றுப்போகவில்லை. கீரிக்கும் நாய்க்கும் திருட்டுக்கும் அஞ்சி அவற்றை இரவில் வீட்டுக்குள்ளேயே அடைப்பார்கள். அடைக்கோழிக்கோ சமையலறையின் ஒரு மூலையே இடம். கடற்காற்றின் ஈரமும் வீட்டின் வெதுவெதுப்பும் கோழிக்கு எவ்வளவு இதமோ, அதற்கு மேல் செள்ளுக்கு இதமானவை.

கோழிச்செள் ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத, எட்டுக் கால்களையுடைய ஜந்து. பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் இருக்கும். இதில் முக்கியமாய் அறியவேண்டியது யாதெனில், செஞ்செள் என்னும் ஜாதி கோழியின் உடம்பில் வாசம் செய்வதில்லை. பகலில் கூடையின் பின்னல், பலகை இடுக்கு, சுவர் வெடிப்பு, முட்டைச் சட்டியின் அடி ஆகிய இடங்களில் ஒளிந்திருந்து, இருட்டியபின் வெளிப்பட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லையென்று விட்டுவிடுவோர் ஏமாறுகிறார்கள். ஆசனவாயருகே இறகுகளில் பகலிலும் தங்கும் வேறு ஜாதிகளும் உண்டு. ஆதலால் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

வெயில் காலத்தில் இதன் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஒரு வாரத்திற்குள் குஞ்சு முதிர்ந்த செள்ளாகிவிடும். கோழி அடைகாப்பதோ 21 நாள். அந்த மூன்று வாரமும் அசையாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் பறவையைச் சுற்றி, செள் இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடுகிறது. கடைசி வாரத்தில் கோழி முட்டையை விட்டெழுந்து ஓடுவதும், கொண்டை வெளுத்துச் சோர்வதும், பொரிந்த குஞ்சுகள் இரத்தமின்றி மடிவதும் பெரும்பாலும் இதனாலேயே. ஊரார் இதையும் கழிச்சலென்று சொல்லிவிடுகிறார்கள். கழிச்சல் இன்றி வெளுத்துச் சாகும் குஞ்சுகளைக் கண்டால் முதலில் கூடையைச் சோதிக்க வேண்டும்.

கோழியை விற்றுவிட்டால் தொல்லை ஒழியுமென்று எண்ணுவது தவறு. இரை போனதும் பசித்த செள் பாயையும் தொட்டிலையும் நாடி வரும். குளிர்ந்த இடத்தில் இது ஆகாரமின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கவல்லது. மனிதரைக் கடித்துத் தடிப்பும் அரிப்பும் உண்டாக்குமேயன்றி, சிரங்குப் பூச்சியைப் போலத் தோலைத் துளைத்துக் குடியிருப்பதில்லை. மனித இரத்தத்தைக் கொண்டு மட்டும் வம்சம் வளர்ப்பதுமில்லை. குழந்தைக்குச் சிரங்கு மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசியும் அரிப்பு தீராத வீட்டில், மூலையிலிருக்கும் கூடையையும் கூரையிலுள்ள புறாக்கூட்டையும் பார்ப்பது நலம்.

சிகிச்சை இடத்திற்கே முதலாவது, கோழிக்கு இரண்டாவது. அடை வைத்த வைக்கோலையும் மணலையும் வீட்டுக்குள் உதறாமல் அப்படியே எடுத்துச் சென்று கொளுத்துக. சட்டி, கூடை, பலகைகளின் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி, பிறகு உச்சி வெயிலில் உலர்த்துக. வெறும் வெயிலில் வைத்தால் செள் நிழலான இடுக்கில் ஒதுங்கிக்கொள்ளும். சுவர் வெடிப்புகளை மண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துச் சுண்ணாம்படிக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அடுப்பெரியும் அறையில் அது கூடவே கூடாது. கோழிகள் புரள உலர்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்த குழியொன்றை முற்றத்தில் அமைப்பது நன்று.

முட்டையாய் இருந்தவை தப்பியிருக்கும். ஆதலால் ஏழாம் நாள் இதையே மறுபடி செய்க. பதினான்காம் நாள் மூன்றாம் முறை செய்க. ஒரு முறையோடு நிறுத்தினவர்களே மருந்தில்லையென்று குறைகூறுகிறார்கள்.

இவ்வளவிலும் அடங்காவிடில் கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை அவர் கூறும் அளவில் மட்டும் உபயோகிக்கலாம். முன்னாளில் தாராளமாய்த் தூவப்பட்ட பி.எச்.சி. தூள் 1997 முதல் நமது தேசத்தில் தடை செய்யப்பட்டுள்ளது. நெல் வயலுக்கு வாங்கிய மருந்து மீந்திருக்கிறதென்று கூட்டில் தெளிப்பது பெருந்தவறு. நெற்பயிரில் தண்டுத் துளைப்பானுக்கு இடும் பிப்ரோனில் என்னும் விஷம், 2017-இல் ஹாலந்து, பெல்ஜியம் தேசங்களின் கோழிப்பண்ணைகளில் இதே செள்ளை ஒழிக்கப் போட்ட மருந்தில் கலந்திருந்தது. அது முட்டையில் இறங்கியமையால் லட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க நேர்ந்தது. நம் வீட்டு முட்டையை உண்பது பெரும்பாலும் நம் குழந்தைகளே.

ஒரே கூரையின்கீழ் இரு குடித்தனம் இருப்பின் இருவரும் ஒரே நாளில் செய்யவேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதை எடுத்துச் சொன்னால் உபகாரமாயிருக்கும். மூன்றாம் முறை முடிந்தபின், கோழி அடையுமிடத்தில் ஓரிரவு வெள்ளைத் துணி விரித்து, இருட்டில் விளக்கோடு சென்று பாருங்கள். விரலால் தேய்த்தால் சிவந்த கோடு விழும் புள்ளிகள் இருந்தால் வேலை முடியவில்லை. துணி வெண்மையாகவே இருப்பின் அடுத்த கோழியை அடைக்கு வைக்கலாம்.