அளவறிந்து குளிர்விக்குங் கருவி

தீமூட்டக் கற்ற நாள்தொட்டு ஒரு பொருளைச் சூடாக்குதல் மாந்தர்க்கு எளிதாயிற்று. வேண்டும்போது வேண்டுமளவு குளிர்விக்கக் கற்றதோ மிகப் பிற்காலத்திலேயாம். குளிர் என்பது தனியொரு பொருளன்று. வெப்பம் குறைந்த நிலையே குளிர். ஆதலின் குளிர்விக்குங் கருவி எதுவும் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தினின்றும் எடுத்து வேறோரிடத்தில் விடுகின்றது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டார்க்கு இக்கட்டுரையிற் கூறப்படுங் கருவி இனிது விளங்கும்.

தமிழாசிரியனுக்கு மின்கருவியோடு என்ன உறவு எனச் சிலர் வினவலாம். தாய்மொழியிற் சொல்லி விளக்கவியலாத அறிவு நமக்கு இரவற் பொருளேயாகும். அன்றியும், இக்கருவிக்கு நம் வீடுகளில் ஒரு தேவையும் உண்டு. நீரிழிவு நோயாளர் பலர் இன்சுலின் மருந்தை நம்பி வாழ்கின்றனர். இன்னும் திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் வைத்துக் காக்கப்படல் வேண்டும். வெப்பம் மிகின் அது நாளடைவில் வலியிழக்கும். உறையுமாயின் உடனே கெடும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நன்றாயிருப்பினும் பயன்படுத்தத் தகாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலை, வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் வெறும் பெட்டிகளாய் நின்றன. 12 வோல்ற்று மின்கலவடுக்கால் இயங்கத்தக்க சிறு பெட்டியொன்றை மாணவரே அமைத்தல் கூடுமா என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பெல்தியே கண்ட விளைவு

1821ஆம் ஆண்டிலே சீபெக் என்பார், வேறுபட்ட இரு உலோகங்களை இணைத்து ஒரு மூட்டைச் சூடாக்கியபோது அருகிருந்த காந்தவூசி திரும்பக் கண்டார். 1834இல், முன்னர்க் கடிகாரத் தொழில் செய்த பெல்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் இதன் மறுதலையைக் கண்டார்: அத்தகைய மூட்டினூடே மின்னோட்டத்தைச் செலுத்தின் ஒரு மூட்டுக் குளிரும், மற்றையது சூடாகும். 1838இல் லென்சு என்பார் பிசுமத்து, அந்திமனி ஆகிய இரண்டின் மூட்டில் ஒரு துளி நீரை வைத்து உறையச் செய்தார். மின்னோட்டத்தின் திசையை மாற்றி அதனை உருகவுஞ் செய்தார். ஆயினும் உலோகங்களால் இவ்விளைவு மிகச் சிறிதாகவே கிடைத்தது. 1950களிற் குறைகடத்திகள், சிறப்பாகப் பிசுமத்துத் தெலுரைட்டு, பயன்பாட்டுக்கு வந்த பின்னரே இது கைக்குதவுங் கருவியாயிற்று.

இன்று கடைகளில் எளிதிற் கிடைக்கும் பெல்தியே பலகை ஒன்று நாற்புறமும் 40 மில்லிமீற்றர் கொண்டது. அதன் குறியெண் 12706 என்பதாம். 127 என்பது உள்ளிருக்கும் குறைகடத்திச் சோடிகளின் தொகை; 06 என்பது அது தாங்கும் உச்ச மின்னோட்டம் 6 அம்பியர் என்பதைக் குறிக்கும்.

உச்சமே நன்றென எண்ணி 6 அம்பியரைச் செலுத்துவது தவறு. பலகை கடத்தும் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமாக மிகும். அதன் தடையால் உள்ளே பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும். மின்னோட்டம் இருமடங்காயின் முன்னது இருமடங்கும் பின்னது நான்மடங்கும் ஆகும். ஆகவே ஓரெல்லைக்கு அப்பால் மின்னோட்டத்தைக் கூட்டுந்தோறும் குளிர்ச்சி குறையும். நம் பெட்டிக்கு 3 அம்பியரை மேலெல்லையாகக் கொள்வோம்.

இன்னொன்று. பலகை பெட்டியினின்றும் 15 வாற்று வெப்பத்தை எடுக்க 36 வாற்று மின்வலுவை ஏற்குமாயின், வெளிப்பக்கத்தில் 51 வாற்று வெப்பம் வெளியேறல் வேண்டும். அப்பக்கத்தில் அகன்ற அலுமினியச் செட்டைத் தட்டும் மின்விசிறியும் இல்லையேல் வெப்பம் திரும்பவும் உள்ளே பாயும். பெட்டிக்குத் தடித்த றெஜிபோம் சுவர் நன்று.

வெப்பநிலையை அறிதல்

கருவிக்கு உணர்வும் அறிவும் வேண்டும். உணர்வாய் நிற்பது தேமிஸ்ரர். வெப்பம் மிகத் தடை குறையும் இயல்பினது. அறிவாய் நிற்பது நுண்கட்டுப்படுத்தி. ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையில் உள்ளது போன்ற ஒரு சில்லு போதும். 25 பாகையில் 10,000 ஓம் தடையுள்ள தேமிஸ்ரரை, 10,000 ஓம் நிலைத்த தடையொன்றுடன் தொடராக இணைத்து, 5 வோல்ற்று கொடுத்து, இடைப்புள்ளியின் அழுத்தத்தைச் சில்லுக்கு ஊட்டுக. தேமிஸ்ரர் புவிப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். சில்லு அவ்வழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக வாசிக்கும்.

பீற்றா எண் 3950 ஆகவுள்ள தேமிஸ்ரருக்கு 25 பாகையில் ஏறக்குறைய 512, 5 பாகையில் 738, 0 பாகையில் 788 என எண்கள் வரும். 5 பாகையை அடுத்து ஒரு பாகைக்குப் பத்துப் படிகள் கிடைத்தலால், பாகையிற் பத்திலொரு பங்கு மாற்றமும் புலப்படும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில், ஈரம் புகாது மூடிய தேமிஸ்ரரை இட்டுக் கலக்கி, 0 பாகைக்குரிய எண் வருகின்றதா எனச் சரிபார்த்தல் முதற்கடமை.

கட்டுப்படுத்தும் முறை

5 பாகைக்கு மேற்படின் முழு மின்னோட்டம், கீழ்ப்படின் நிறுத்தம் என்பது எளிய வழி. ஆயின் நிறுத்துந்தோறும் செட்டைத் தட்டின் வெப்பம் பலகையினூடே பெட்டிக்குள் திரும்பும். ஓயாது சூடேறிக் குளிர்தலாற் பலகையின் பற்றாசு மூட்டுகளும் தளரும். ஆதலின் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்தலே தக்கது.

சில்லு மின்துடிப்பின் அகலத்தை 0 முதல் 255 வரை மாற்ற வல்லது. 255 என்பது 3 அம்பியருக்கு ஒத்ததாக அமைத்துக்கொள்க. அத்துடிப்பு மொஸ்பெற் என்னும் திரான்சிற்றரை இயக்கும். எனினும் துடிப்பை அவ்வாறே பலகைக்குக் கொடுத்தல் நன்றன்று. பாதி நேரம் 3 அம்பியர் பாயின், சீராக 1.5 அம்பியர் பாய்வதிலும் இருமடங்கு வீண்வெப்பம் உள்ளே பிறக்கும். ஆகவே துடிப்பு விரைவைச் செக்கனுக்கு ஏறத்தாழ 31,000 ஆக உயர்த்தி, தூண்டற் சுருள், இருவாயி, கொள்ளளவி ஆகியவற்றால் மின்னோட்டத்தைச் சமன்செய்து செலுத்துக. இவ்விரைவில் மொஸ்பெற்றை இயக்கத் தனிச் செலுத்திச் சில்லு வேண்டும்.

எத்துணை செலுத்துவது? பிழைக்கேற்பச் செலுத்துக. ஒரு பாகை பிழைக்கு 40 படி என்க. பெட்டி 25 பாகையில் இருப்பின் பிழை 20, கணக்கின்படி 800 படி வேண்டும், 255இல் நிறுத்துவோம். ஆயின் 5 பாகையில் நிலைத்திருக்கப் பெட்டிக்கு 90 படி தேவையெனின், அதனைப் பெற 2.25 பாகை பிழை எஞ்சியே நிற்கும், பெட்டி 7.25 பாகையில் ஓய்ந்துவிடும். இக்குறையை நீக்க, எஞ்சிய பிழையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சேர்க்கும் இரண்டாம் பகுதி வேண்டும். பிழை ஒழியும்வரை அது வளர்ந்து, தேவையான 90 படியைத் தானே நிரப்பும்.

இங்கே ஓர் இடருண்டு. பெட்டி முதன்முறை குளிரும்போது வெளியீடு 255இல் முட்டி நிற்க, பிழையின் கூட்டுத்தொகை மட்டும் வளர்ந்துகொண்டே போகும். 5 பாகை வந்த பின்னரும் அத்தொகை தீருமட்டும் கருவி குளிர்வித்துக்கொண்டிருக்கும். உள்ளிருக்கும் மருந்து உறையக்கூடும். வெளியீடு எல்லையில் முட்டி நிற்குங்கால் கூட்டுதலை நிறுத்துக என்னும் ஒருவரிக் கட்டளை இதனைத் தடுக்கும்.

மூன்று காவல்களும் வேண்டும். முதலாவது, செட்டைத் தட்டில் இரண்டாவது தேமிஸ்ரர். விசிறி நின்றுவிடின் பெட்டி சூடேறும். கருவி அதனைக் குளிர் போதாமை எனக் கருதி மேலும் மின்னோட்டத்தைக் கூட்டும். சூடு இன்னும் மிகும். ஆதலின் தட்டு 60 பாகையை எட்டின் அனைத்தையும் நிறுத்துக. இரண்டாவது, தேமிஸ்ரரின் கம்பி அறுந்தால் எண் 1023ஐயும், கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் 0ஐயும் அணுகும். இவை வெப்பநிலையல்ல, பழுது எனக் கொண்டு நிறுத்தி ஒலியெழுப்புக. மூன்றாவது, பெட்டி 3 பாகைக்குக் கீழிறங்கின், கணக்கு எதுவாயினும் மின்னோட்டம் நிற்க.

வரம்பும் கடமையும்

60 அம்பியர்மணி மின்கலவடுக்கிற் பாதியைப் பயன்படுத்தின் 360 வாற்றுமணி கிடைக்கும். 36 வாற்று இடையறாது செலவாயின், விசிறியின் செலவு நீங்கலாக, 10 மணி நேரமே தாங்கும். நன்கு மூடிய பெட்டி 5 பாகையை எட்டிய பின் செலவு குறையும். அமுக்கி கொண்ட குளிர்ப்பெட்டி இதனினும் சிக்கனமானது. எனவே சிறு பெட்டிக்கே இது ஏற்றது.

மாணவர் முதலில் நீர் நிறைந்த சிறு போத்தல்களை வைத்து, ஏழு நாட்கள் இரவும் பகலும் வெப்பநிலையைக் குறித்து வருக. எல்லை ஒருமுறை மீறப்படினும் காரணங்கண்டு திருத்தி, மீண்டும் ஏழு நாட்களைத் தொடங்குக. மருத்துவரையோ மருந்தாளரையோ உசாவாமல் எவருடைய மருந்தையும் அதனுள் வைத்தல் கூடாது. குறிப்பேட்டில் ஏழு நாட்களும் எல்லைக்குள் நின்றதைக் காட்டிய பின்னரே அவரிடஞ் செல்க. கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இதனை அமைக்க முன்வரும் மாணவர்க்கு மின்னியற்றுறையிலுள்ள பழைய மாணவர்கள் பொருளாலும் அறிவாலும் துணைநிற்பாராக.