முதலில் காற்றுக்கு இடம் ஒதுக்கு

அன்புத் தங்கைக்கு,

மலாக்கா ராயாவில் கட்டவிருக்கும் நான்கு மாடிக் குடியிருப்புக்கு நீ வரைந்த பிளானைப் பார்த்தேன். மாநகர் மன்றத்தில் அதற்குத் தடை இருக்காது. அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னல், 5 விழுக்காடு காற்று வரும் திறப்பு, நடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் 2.5க்கு 3.6 மீட்டரில் ஓர் ஏர்வெல், மொத்தம் 9 சதுர மீட்டர். 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள் கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறாய். என் கவலையே அதுதான். இதற்குக் கீழே இறங்காதே என்று போட்ட கோடு அது. குடியிருப்பவருக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.

அந்த 9 சதுர மீட்டருக்குள் மாடிக்கு இரண்டு சமையலறையும் நான்கு குளியலறையும் திறக்கின்றன. கீழ்வீட்டில் மிளகாய் தாளித்தால் நெடி மேல்வீட்டுச் சாமியறை வரை ஏறும். ஏர்கோன் கம்ப்ரசர்களையும் அங்கேதான் மாட்டுவார்கள். ஆறு மாதத்தில் அத்தனை பேரும் சன்னலைச் சாத்திவிடுவார்கள்.

ஒரு மத்தியான வேளையில் ஹீரன் தெருவுக்கு, இன்றைய துன் தான் செங் லோக் சாலைக்குப் போய் வா. மரபுக் காப்பு அமைப்பான படான் வாரிசான் மலேசியா சீரமைத்த எட்டாம் எண் வீட்டில் தொடங்கு. டச்சுக்காரர் காலத்துக் கட்டடம். அந்தத் தெரு வீடுகளுக்கு முகப்பு குறுகல், உள்ளே நீளம். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் பக்கச் சன்னலுக்கு வழியே இல்லை. அதனால் கூரையைத் திறந்து முற்றம் விட்டார்கள். சூடான காற்று அதன் வழியே மேலேற, முகப்பை ஒட்டிய அஞ்சடி நடைபாதைப் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். மழை நேராகத் தரையில் விழுந்து கல் வாய்க்காலில் ஓடும். ஈரத் தரை வெகுநேரம் குளிர்ந்து கிடக்கும். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிய வீட்டுக்குள்ளும் நுழைந்து பார். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது.

ஒரு காலத்தில் அந்தத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்குப் பின்புறம் கடல். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில்தான் உன் மனை இருக்கிறது. பைலிங் மேல் நிற்கும் கட்டடம் அசையாது. சுற்றியுள்ள மண் மட்டும் ஆண்டுக்காண்டு இறங்கும். வாசற்படி சுவரைவிட்டு விலகும், சாக்கடையின் சரிவு மாறி நீர் தேங்கும். கழிவுநீர்க் குழாய் கட்டடத்தைவிட்டு வெளிவரும் இடத்தில் வளைந்துகொடுக்கும் இணைப்புப் போடு. குத்தகையாளர் செலவைக் காட்டி மறுப்பார், விடாதே. மேற்குச் சன்னல்களுக்கு மேல் இறவாரத்தையும் நீட்டு. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் சூறைமழை சாய்வாகத்தான் அடிக்கும்.

இன்னொன்று. நம் பாட்டி புக்கிட் அசகான் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். லயத்தை நான் புகழவில்லை. நெருக்கம், புகை, பொதுக்குழாய் வரிசை எல்லாம் அங்கே இருந்தன. ஆனாலும் வாசல் என்று ஒன்று இருந்தது. கோலம் போட, கல்யாணத்துக்குப் பந்தல் நாட்ட, துக்கத்துக்கு ஊர் கூடி உட்கார அதுவே இடம். தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்கள் இன்று மூன்றாம் மாடியில் இருக்கின்றன. அவர்கள் கதவுக்கு முன்னால் நீ விட்டிருப்பது 1.2 மீட்டர் நடைபாதை. ஒரு செருப்பு அலமாரி வைத்தால் அதுவும் போச்சு. ஒவ்வொரு கதவையும் ஒரு மீட்டர் உள்வாங்கி வை; அங்கே கோலமும் விழும், ஒரு நாற்காலியும் போடலாம். படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டியைச் சாய்க்காமல் நான்கு பேர் திருப்ப முடியுமா என்று தாளில் வரைந்து பார். பெற்றவரை நிமிர்த்தி இறக்க வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

இவ்வளவும் செய்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனி ஏர்வெல் விட்டால் மாடிக்கு ஒரு வீடு குறையும். நில உரிமையாளர் முகம் சுளிப்பார். இருந்தாலும் அப்படி இன்னொரு பிளான் போடு. இரண்டு பிளானையும் அவர் முன்னால் விரித்து, மிச்ச வீடுகள் நன்றாகக் காற்று வாங்குவதை விரலால் தொட்டுக் காட்டு. குறையும் வீட்டின் விலையை மற்ற வீடுகளில் எப்படி ஈடுகட்டலாம் என்ற கணக்கோடு போ. அந்தக் கணக்கைப் போட நானும் வருகிறேன். சனிக்கிழமை பசியாறிவிட்டு அலுவலகத்துக்கு வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்