லிப்ட் செய்த ஜிம்னிக்கு எந்த டயர்?

கேள்வி: என் மாருதி ஜிம்னிக்கு 2 அங்குலம் சஸ்பென்ஷன் லிப்ட் செய்திருக்கிறேன். 235/75 ஆர்15 டயர் மாட்டலாமா, உரசுமா?
– வாசகர், வால்பாறை

பதில்: மாட்டலாம். ஆனால் லிப்ட் மட்டுமே உரசலைத் தீர்த்துவிடாது. கம்பெனி டயரான 195/80 ஆர்15-இன் விட்டம் சுமார் 693 மி.மீ.; நீங்கள் கேட்பது 733. வண்டி நிற்கும்போது இடம் தாராளமாகத்தான் தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு முன்சக்கரத்தைக் கல்மேல் ஏற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் அமுங்க அமுங்க, டயரின் ஓரம் பம்பரின் பின்முனையிலும் உள்பக்கப் பிளாஸ்டிக்கிலும் போய் இடிக்கும். ஸ்பிரிங் எதுவரை அமுங்கலாம் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப். அதை நீட்ட வேண்டும். பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும்.

லிப்ட் உயர்த்துவது பாடியைத்தான். ஆக்சிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைக்கும் 20 மி.மீ. டயர் தருவது. அதற்கு விலை உண்டு: ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஸ்பீடோமீட்டர் முன்பைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைத்துக் காட்டும்.

லிப்ட் செய்ததில் காஸ்டர் கோணம் குறைந்திருக்கும். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் அலைந்தால் காரணம் அதுதான். அதைச் சரிசெய்யாமல் பெரிய டயரைத் தொடவே தொடாதீர்கள். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் ஜாக்கி வைத்துப் பாருங்கள்.

கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். மலைச்சாலையும் எஸ்டேட் பாதையும்தான் உங்கள் ஓட்டம் என்றால், 215/75 ஆர்15 போதும்.